யெல்லம்மாவைத் தேடியது

எவாஞ்சலின் திருத்தணிக்காரி. மின்ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அவள் தெருவில் இருக்கும் சுந்தரமூர்த்தி, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களுக்காக மலைமேலும் சரவணப் பொய்கைக் கரையிலும் உதவி மையங்கள் நடத்துபவர். அவர் கேட்டுக்கொண்டதால் எவாஞ்சலின் ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்தாள். மையங்களில் வந்து உட்கார்ந்திருப்பவர்களின் விவரம் அதில் ஏறும். தேடி வருகிறவர் சொல்லும் பெயர், ஆணா பெண்ணா, வயது, உடை, தலைமுடி எல்லாம் பொருந்தினால் ஆளைக் காட்டும்.

கிருத்திகையன்று மலைமேல் மையத்தில் அவளே உட்கார்ந்திருந்தாள். நகரியிலிருந்து வந்த பங்காரு என்பவர், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார்.

"அம்மாவக் காணோங்க. பேரு யெல்லம்மா, எழுபது வயசு. பச்ச சேல கட்டிகினு இருந்தாங்க. முடி நல்ல நீட்டு."

அவள் அப்படியே நிரப்பினாள். திரையில் யாரும் வரவில்லை. பங்காரு படிக்கட்டெல்லாம் தேடிவிட்டுத் திரும்பி வந்தார். அப்போதும் அதே பதில்தான். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். குனிந்திருந்த அவர் தலையை எவாஞ்சலின் பார்த்தாள்.

"அண்ணா, உங்கம்மாவுக்கும் முடி குடுக்கற வேண்டுதல் இருந்துச்சா?"

"ஆங், இருந்துச்சுங்க. இந்த வயசுல எதுக்குன்னு நான்தான் சத்தம் போட்டேன்."

அவள் தலைமுடியையும் சேலையையும் நீக்கிவிட்டுத் தேடினாள். அப்போதும் இல்லை. பெயரையும் நீக்கினாள். பெண், எழுபதையொட்டிய வயது என்ற இரண்டு மட்டும் மிஞ்சின. சில பெயர்கள் வந்தன. அவற்றில் ஒன்று: எல்லம்மா, மொட்டை, மஞ்சள் சேலை, பொய்கைக் கரை. அங்கே எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்.

பங்காரு ஓடினார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே போனில் கூப்பிட்டார். பக்கத்தில் கிழவியின் குரல் கேட்டது. "திட்டுவியேன்னுதான் நைனா சொல்லாம போனேன். குளிச்சிட்டு வேற சேல கட்டிகினேன்."

எவாஞ்சலினுக்கு நிம்மதியோடு சங்கடமும் இருந்தது. அந்த அம்மாள் காலையிலிருந்தே பட்டியலில்தான் இருந்தாள். அத்தனையும் பொருந்த வேண்டும் என்று எழுதியது தன் கைதான். அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். ஆணா பெண்ணா என்பது கட்டாயம் பொருந்த வேண்டும். வயது ஐந்தாறு முன்பின் இருக்கலாம். பெயரில் எழுத்து மாறினாலும் ஒலி ஒத்திருந்தால் சரி. பெயர் அல்லது உடை அல்லது முடி, இவற்றில் ஒன்று பொருந்தினாலும் போதும். அதிகம் பொருந்துகிறவர் மேலே வரட்டும்.

சோதித்துப் பார்த்த சுந்தரமூர்த்தி கேட்டார்: "என்னம்மா, பாட்டியத் தேடினா மீசக்காரர் ஒருத்தர் வர்றாரு?"

'அல்லது' என்று வரும் மூன்றையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட மறந்திருந்தாள். அதனால் உடையோ முடியோ பொருந்தினாலே போதுமென்று ஆண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். குறியைப் போட்டதும் மீசைக்காரர் போய்விட்டார். மாலைக்குள் அதை வைத்தே இன்னும் சிலரை அவரவர் குடும்பத்தோடு சேர்த்துவைத்தார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி வரும் படித் திருவிழாவுக்கும் உட்கார முடியுமா என்று சுந்தரமூர்த்தி கேட்டார். அன்றிரவு தேவாலயத்தில் புத்தாண்டு ஆராதனை. பகல் முழுக்க இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.