புதன்கிழமைக் கிண்ணம்

“சாஸைக் கீழே வைங்க சார். முதல்ல வெறும் சாறு. ஒரே ஒரு கரண்டி குடிச்சுப் பாருங்க.”

கவிழ்த்த பாட்டிலோடு பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஐம்பதை எட்டிய ஒரு பெண்மணி தன் கிண்ணத்தை மறந்துவிட்டு அவருடைய கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டில் கீழே இறங்கும்வரை கண்ணை எடுக்கமாட்டாள். சிலர் முறைப்பார்கள். சிலர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு அது உறைக்காது. “நல்லதுக்குச் சொன்னேன், எழுந்து போறாரு பாரு” என்று கடைக்காரம்மாவிடம் முறையிட்டுவிட்டுத் தன் நூடுல்ஸுக்குத் திரும்புவாள்.

அது வியட்நாம் சூப்புக் கடை. கண்ணாடிக் கதவு எந்நேரமும் ஆவியில் மங்கியிருக்கும். ஒவ்வொரு மேசையிலும் குச்சிகளும் கரண்டிகளும் செருகிய தகரக் குவளை, பக்கத்தில் சிவப்பாக ஒரு மிளகாய் சாஸ், கறுப்பாக ஒரு இனிப்பு சாஸ். கிண்ணம் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். வந்து இறங்குவது சின்ன அண்டா. அடியில் வெள்ளை வெளேரென்று அரிசி நூடுல்ஸ், மேலே மெல்லிசாகச் சீவிய இறைச்சி, எல்லாவற்றையும் மூழ்கடித்துக்கொண்டு தெளிந்த எலும்புச் சாறு. தனித் தட்டில் முளைகட்டிய பயறு, துளசிபோல மணக்கும் இலை, எலுமிச்சைத் துண்டு. இதற்குப் பெயர் ஃபோ. “ஃபோ இல்லை, ஃபா. கேள்வி கேக்கற மாதிரி இழுக்கணும்” என்று அதையும் அவள் திருத்துவாள். வியட்நாம்காரியான கடைக்காரம்மாவே, வம்பு எதற்கென்று, எல்லோரிடமும் ‘ஃபோ’ என்றுதான் சொல்லிவந்தாள்.

பிரேக்கம்மா என்பது அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு விழுந்த பெயர். பழக்கிக்கொடுக்கும் காரில், பழக்குபவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவளுடைய கால் அதன் மேல்தான் குடியிருந்தது. படிக்க வருகிறவர்கள் தப்பு செய்த பிறகுதான் அங்கே பழக்கிக்கொடுக்கும் மற்றவர்கள் பிரேக்கை மிதிப்பார்கள். இவள் தப்பு செய்யப் போகிறார்கள் என்று தோன்றியதுமே மிதித்துவிடுவாள். பஸ்ஸில் உட்கார்ந்து போனாலும், முன்னால் சைக்கிள் குறுக்கே வந்தால் அவள் கால் தரையை அழுத்தும். அவளிடம் படித்தவர்கள் யாரும் எங்கும் கொண்டுபோய் இடித்ததில்லை. ஆனால் அவள் பக்கத்தில் இல்லாமல் வண்டியெடுக்கப் பலருக்குக் கை நடுங்கியது.

கல்யாணம் ஒன்று நடந்து, சூடு ஆறுவதற்குள் முடிந்தும் போயிருந்தது. யாராவது அதைக் கிளறினால், “லைசன்ஸ் ரத்தாயிடுச்சு” என்று சொல்லிச் சிரித்துவிடுவாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தவர் அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கிண்ணம் வந்ததும் ஆவி அடித்து அவருடைய கண்ணாடி வெளுத்துப் போயிற்று. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பாதிப் பார்வையில் தடவித் தடவி சிவப்பு சாஸைக் கவிழ்த்தார். பிறகு கறுப்பு. பிறகு மறுபடியும் சிவப்பு.

மேசைக்கடியில் பிரேக்கம்மாவின் கால் தரையை அழுத்தியது. “சார், சார்! என்ன பண்றீங்க? வண்டியில ஆயில் மாத்தின மாதிரி ஆக்கிட்டீங்களே! அந்தச் சாறுக்கு அவங்க விடியறதுக்கு முன்னாடியே எழுந்து எலும்பு கொதிக்க வைக்கறாங்க, தெரியுமா?”

அவர் கண்ணைச் சுருக்கிக் குரல் வந்த திசையைப் பார்த்தார். “தெரியாதுங்க. எப்படிச் சாப்பிடணும், சொல்லுங்க.”

அதுவரை யாரும் ‘சொல்லுங்க’ என்று சொன்னதில்லை. அவள் தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவருடைய மேசைக்கே போய்விட்டாள்.

அப்புறம் சனிக்கிழமைகள் வேறு மாதிரி ஆயின. முதலில் வெறும் சாறு. பிறகு இலையைக் கையால் கிள்ளிப் போட வேண்டும், கத்தி படக்கூடாது. பயறு சூட்டில் வதங்குவதற்குள் நூடுல்ஸ். எலுமிச்சை கடைசியில். சாஸ் வேண்டுமானால் தனிக் கிண்ணியில் ஒரு சொட்டு, இறைச்சியைத் தொட்டுக்கொள்ள மட்டும். கிண்ணத்தைத் தூக்கி வாயில் வைத்து உறிஞ்சக்கூடாது, அதற்குத்தான் கரண்டி. கண்ணாடிக்காரர் ஒன்றையும் மறுக்கவில்லை. “ஓஹோ” என்பார். “அப்படியாங்க” என்பார். ஒரு நாள் அவள் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாய்ச் சரிந்திருப்பதைப் பார்த்து, சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து அங்கேயே திருகிச் சரிசெய்து, இரண்டு கையாலும் அவள் காதில் மாட்டிவிட்டார். அன்று பிற்பகல் அவளிடம் வண்டி பழக வந்த பெண், “மேடம் இன்னைக்குத் திட்டவே இல்லை, உடம்பு சரியில்லையோ?” என்று ஸ்கூலில் விசாரித்தாள். சனிக்கிழமைகளில் மட்டும் அவள் காதில் கல் வைத்த தோடு ஏறியது.

“எங்க அக்காவை ஒரு நாள் இங்கே கூட்டிட்டு வரலாமாங்க?” என்று அவர் கேட்டபோது அவர் பார்வை மேசைமேல் இருந்தது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, அக்காவோடுதான் இருந்தார். எதற்குக் கேட்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். “கூட்டிட்டு வாங்களேன்” என்றாள்.

அக்கா வந்தார். கனத்த உடம்பு, கூச்சம், தம்பிமேல் உயிர். கிண்ணத்தைப் பார்த்து, “அம்மாடி, இது ஒரு குடும்பத்துக்கா?” என்று கேட்டுத் தானே சிரித்தார். பேச்சுவாக்கில், “இவனுக்கு எதுவா இருந்தாலும் காரமும் இனிப்பும் கலந்து அடிக்கணும். அப்பதான் சோறு இறங்கும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்” என்றார்.

“அதெல்லாம் அப்போ அக்கா. நான் திருத்திட்டேன்ல?” என்று பிரேக்கம்மா உற்சாகமாகிவிட்டாள். நல்ல பேர் வாங்க வேண்டும், கலகலப்பாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள். “முதல் நாள் இவரு உக்காந்திருந்த கோலத்தை நீங்க பாக்கணுமே!” என்று சொல்லி, தன் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சுருக்கி, நாக்கைத் துருத்தி, இல்லாத பாட்டிலைத் தேடித் தடவி, குலுக்கிக் குலுக்கி ஊற்றிக் காட்டினாள். தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக் காட்டினாள். “குழந்தைக்குச் சொல்ற மாதிரி ஒண்ணொண்ணா சொல்லிக்கொடுத்து இப்பதான் மனுஷன் மாதிரி சாப்பிடறாரு.”

பக்கத்து மேசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடிக்காரரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “ஆமாக்கா, இவங்கதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தாங்க” என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கிண்ணம் எப்போதோ ஆறிவிட்டது; ஆவியே இல்லை. ஆனாலும் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. போன் செய்தால், “கடையில கொஞ்சம் வேலைங்க” என்றார். கண்ணாடியை வேண்டுமென்றே வளைத்து எடுத்துக்கொண்டு அவருடைய கடைக்கே போனாள். வாங்கிச் சரிசெய்து, துடைத்து, மேசைமேல் வைத்தார். இந்தத் தடவை காதில் மாட்டிவிடவில்லை. “வேற ஏதாவது வேணுமாங்க?” என்று கேட்டார். அந்த மரியாதை அவளை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டது.

“பாவம், உடம்புக்கு முடியலையோ என்னவோ” என்று ஒரு சனிக்கிழமை கடைக்காரம்மாவிடம் ஆரம்பித்தாள்.

“இல்லையே, நல்லா இருக்காரே. புதன்கிழமை வந்தாரே.”

“புதன்கிழமையா? எப்பலேர்ந்து?”

“எப்பவும்தான். சனிக்கிழமை உன்கூட, புதன்கிழமை தனியா. நீ பழகறதுக்கு முன்னாடியும் அப்படித்தான், அப்புறமும் அப்படித்தான்.” கடைக்காரம்மா மேசையைத் துடைத்தபடியே சிரித்தாள். “புதன்கிழமை ரெண்டு சாஸும் ஊத்துவாரு. பாட்டிலே காலி!” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

அன்று பிற்பகல் முழுவதும் அவள் காரில் வாய் திறக்கவில்லை. பழக வந்தவன் வண்டியை ஓரம் கட்டி, “மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்று பயந்துபோய்க் கேட்டான். “நீ இல்லைப்பா. நீ போ” என்றாள். இத்தனை சனிக்கிழமையும் அந்த மனிதர் வெறும் சாற்றைக் குடித்து, ‘ஓஹோ’ சொல்லி, தலையாட்டிவிட்டு, வாயில் ருசிக்கப் புதன்கிழமைவரை காத்திருந்திருக்கிறார். முகம் சுளித்ததில்லை. அவள் ஒரு நாளாவது, “பிடிச்சிருக்கா?” என்று கேட்டாளா என்று யோசித்துப் பார்த்தாள். “சரியா இருக்கா?” என்றுதான் கேட்டிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு வகுப்பைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். கதவில் ஆவி படியாத ஓர் ஓரம் வழியாக உள்ளே பார்த்தாள். சுவரோர மேசையில் கண்ணாடிக்காரர். கண்ணாடி சட்டைப் பையில். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். தாடையெல்லாம் சிவப்பு. கிண்ணத்தை இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முகத்தில் இப்படி ஒரு திருப்தியை அவள் பார்த்ததே இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

அவள் பக்கத்தில் வரும்வரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாதி எழுந்தார். அதற்கும் முன்னால் அவருடைய கை தானாக நீண்டு, சாஸ் பாட்டிலைத் தகரக் குவளைக்குப் பின்னால் தள்ளிவைத்தது. அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு அதோடு மறந்து போயிற்று.

“அன்னைக்கு அக்கா முன்னாடி நான் அப்படி நடிச்சுக் காட்டியிருக்கக் கூடாது.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. உக்காருங்க.”

“பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சாப்பாடுதான் பிடிக்கலை. நீங்க சொல்லிக்கிட்டே இருக்கறது பிடிச்சிருந்துச்சு.” தாடையைத் துடைத்துக்கொண்டார். “புதன்கிழமை இங்கே வர்றது அக்காவுக்குத் தெரியும். அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ‘கல்யாணத்துக்கு அப்புறம் உனக்குப் புதன்கிழமை எங்கேடா இருக்கும்?’னு. எனக்குப் பதில் தெரியலைங்க. எத்தனையோ நாள் யோசிச்சுட்டேன்.”

“இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அவர் சிரித்தார். கேலி இல்லாத, களைத்த சிரிப்பு. “நீங்க சொல்லாம அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கறதை நான் பாத்துக்கிட்டே இருக்கணும். அப்புறம் உங்களுக்கும் ஒரு புதன்கிழமை இல்லாம போயிடும். வேணாங்க.”

கோபம் வந்தால் தேவலை என்றிருந்தது, வரவில்லை. அவர் சொன்னதில் எங்கே பிரேக் போடுவது என்று தேடிப் பார்த்தாள், இடம் இல்லை. இருவருக்கும் நடுவில் கிண்ணத்து நூடுல்ஸ் சாற்றைக் குடித்துக் குடித்து உப்பிக்கொண்டிருந்தது.

“ஆறிப்போகுது, சாப்பிடுங்க” என்றாள்.

அவர் கரண்டியை எடுத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். அரைக் கரண்டி அளவாக மொண்டு, சத்தம் வராமல் குடித்தார். குடித்துவிட்டு, சரியா என்பதுபோல அவளை ஏறிட்டுப் பார்த்தார். அப்படிப் பார்த்தது அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் எழுந்தாள். கடைக்காரம்மா எந்த மேசை என்று கண்ணால் கேட்டாள். கோடியில் காலியாக இருந்த மேசைக்குப் போய், அங்கே கடையைப் பார்த்தபடி போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.