தகரத் தட்டு

நீர்வேலியில் எனக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. சண்டையால் பெற்றோலும் மண்ணெண்ணெயும் கிடைக்காத காலம். ஊரே சைக்கிளில்தான் போனது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சரும் செயின் கழன்றால், காற்றுப் போனால் என்னிடம் வருவார். நான் தலை நிமிராமல் வேலையை முடித்துக் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் அவரோடு என்ன கதைப்பது? ஆனால் ஒரு நாளாவது கதைக்க வேண்டும் என்ற ஆசை இரண்டு வருடமாக மனதில் கிடந்தது.

கடைசியில் அவர்தான் கதைத்தார். புதிதாய்ப் பிறக்கிற நட்சத்திரத்தைச் சுற்றிக் கல்லும் தூசியும் தட்டுப் போலச் சுழலுமாம். பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். தட்டு என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. தகரத்தை வட்டமாக வெட்டி, குறுணிக் கற்களை ஒட்டி, சைக்கிள் சில்லின் அச்சில் பூட்டினேன். மூன்று நாள் மினக்கெட்டேன்.

ரீச்சர் அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அண்ணை, உதிலை எல்லாக் கல்லும் ஒண்டாய்ச் சுத்துது. அங்கை ஒவ்வொண்டும் தன்ரை பாட்டிலை. கிட்ட நிக்கிறதை நடு கூடுதலாய் இழுக்கும், விழாமல் இருக்க அது ஓடத்தான் வேணும். தள்ளி நிக்கிறது ஆறுதலாய், மெல்லப் போகும்.”

பிறகு உழவு இயந்திரத்தின் பழைய ரியூப்பை வெட்டி ஒரு ரிம்மில் இழுத்துக் கட்டினேன். நடுவில் இரும்புக் கட்டியை வைக்க ரப்பர் குழிந்தது. சில்லு அச்சுக்குள் இருக்கிற சின்ன இரும்புக் குண்டுகளைப் பக்கவாட்டில் உருட்டிவிட்டோம். குழியை நெருங்க நெருங்க அவை வேகம் பிடித்தன. ரீச்சர் குனிந்து பார்த்தபோது பின்னல் ரப்பரில் விழுந்து ஒரு குண்டு வழி மாறியது. இரண்டுபேரும் சிரித்தோம். அந்தத் துணிவில் கேட்டேன்.

“தள்ளி நிக்கிறது ஏன் விட்டிட்டுப் போகேல்லை?”

“அதையும் இழுக்குதுதானே அண்ணை. கொஞ்சமாய்த்தான். ஒருக்காச் சுத்தி வரக் கனகாலம் எடுக்கும்.”

ரப்பர் பள்ளிக்கூடத்துக்குப் போனது. தகரம் என்னிடம் நின்றுவிட்டது.

அடுத்த வருடம் ரீச்சர் வந்து, மேல்படிப்புக்கு வெளிநாடு போகக் கிடைத்திருக்கிறது என்றார். போகாதேங்கோ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“பின் சில்லுக்குக் காத்துக் காணாது,” என்றேன். அடித்தும் விட்டேன்.

“போட்டு வாறன் அண்ணை.”

எங்கள் ஊரில் புறப்படுகிற எவரும் போறன் என்று சொல்வதில்லை, வாறன் என்றுதான் சொல்வார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த வாறனை நான் கனகாலம் நம்பியிருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, நட்டுக் கழற்றும் கடைச் சாவிகளோடு அந்தத் தகரத் தட்டையும் கரியரில் கட்டினேன். இன்றும் இருக்கிறது. சுற்றிவிட்டால் நடுவுக்குக் கிட்ட நிற்கிற கல்லும் ஓரத்துக் கல்லும் ஒன்றாகவே சுற்றி வந்து சேருகின்றன.