லென்ஸை மூடிய கை

அம்பத்தூர் பக்கத்து கேபிள் சேனலில் அவர் நிருபர், நான் கேமராமேன். ஊரே அவரை ‘நியூஸ் அண்ணாத்தே’ என்றுதான் கூப்பிடும். விபத்து நடந்த இடத்தில், இறந்தவர்மேல் யாராவது துணி போர்த்தும்வரை என்னைப் படமெடுக்க விடமாட்டார். உள்ளங்கையால் லென்ஸை மூடிவிடுவார். அதற்குள் மற்ற சேனல்காரர்கள் முந்திவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் கள்ளிக்குப்பத்தில் லாரி மோதி அவரே சாலையில் கிடந்தார். நான் ஓடிப்போனபோது உயிர் இல்லை. அண்ணாத்தே என்று கூப்பிட்ட அதே ஜனம் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றது. படம் கேட்டு ஆபீஸிலிருந்து அழைப்புமேல் அழைப்பு. நான் கேமராவைத் தொடவில்லை. அவர் முகத்தருகே குனிந்து படமெடுத்தவனின் செல்போனை உள்ளங்கையால் மூடினேன்.

“கைய எட்றா! நீ யார்ரா கேக்குறதுக்கு?” என்று என் சட்டையைப் பிடித்தான்.

“அவரோட கேமராமேன்டா” என்றேன்.