கறுப்புக் கண்ணாடியும் மாமன் மடியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, எழுமலைப் பக்கம் என் கணவர் வீட்டுக் குலதெய்வம் கோயிலில் என் மகளுக்குக் காது குத்தினோம். அப்போது அவளுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். தல்லாகுளத்தில் டாக்டரிடம் காட்டினோம். கண்ணீர் இறங்கும் பாதையில் அடைப்பு, பெரும்பாலும் தானாகவே திறந்துவிடும் என்றார். கையைக் கழுவிவிட்டு, கண்ணின் மூக்கோர மூலையில் விரலை வைத்து, மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தித் தேய்க்கக் கற்றுத் தந்தார். பீளையைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொன்னார். "இது யாருக்கும் ஒட்டாதும்மா" என்றும் சொன்னார். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, பால் கொடுக்கும்போதெல்லாம் அப்படியே செய்துவந்தேன்.

ஆனால் அண்ணன் மனைவி, என் மதினி, அதை மெட்ராஸ் ஐ என்றே முடிவு கட்டிவிட்டார். அவருக்கு மேல் ஒரு டாக்டர் உண்டா!

காதுகுத்து அன்று வேனிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். இடுப்பிலிருந்த அவர் பையனுக்கும் ஒரு பொம்மைக் கண்ணாடி. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சீர்த்தட்டுகளில் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஆசாரி தயாராக உட்கார்ந்து, "தாய்மாமன் வந்து உக்காருங்க" என்றார். அண்ணன் அசையவில்லை.

"மாப்ளயே மடியில வச்சுக்கிறட்டும் தங்கச்சி. நம்ம வீட்லயும் பச்சப்புள்ள இருக்குல்ல" என்றார்.

"ஒட்டாதுண்ணே. எம்புட்டுத் தடவ சொல்லுறது?"

அவர் மதினியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கணவர் வீட்டுச் சனம் மொத்தமும் எங்களைப் பார்த்தது. "மாமன் இருந்தும் இல்லாத புள்ளையாப் போச்சே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஆத்திரம் தாங்காமல் நானே பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் வீறிட்டு அழுதாள். நானும்தான்.

கொஞ்ச நாளில் கண்ணில் நீர் வடிவது தானாக நின்றது. அதற்குப் பிறகு அண்ணன் வந்து மருமகளைத் தூக்கிக் கொஞ்சினார். நான் தடுக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

போன பொங்கலுக்கு மகள் காதுகுத்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "மாமா பக்கத்துலதான நிக்கிறாரு, நான் ஏம்மா ஒம் மடியில இருக்கேன்?" என்று கேட்டாள். "மாமாவுக்கு அன்னைக்கு முட்டி வலி" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

அதிலிருந்து அண்ணன் எப்போது வந்தாலும் ஓடிப்போய்க் கேட்கிறாள்: "எனக்குக் காது குத்துனப்ப வலிச்ச முட்டி சரியாயிருச்சா மாமா? மடியில உக்காரவா?"

அவர் என்னைப் பார்க்கிறார். பேச்சை மாற்றி அவரைக் காப்பாற்றிவிடலாம்தான். கூடப் பிறந்தவர் என்றாலும், இன்று வரை எனக்கு அதற்கு மனம் வரவில்லை.