கட் ஆகாத அழைப்பு

ஆனந்தவள்ளி ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வருவார். அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் மிஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறார். வயது ஐம்பத்தாறு. ஒருநாள் கத்தரிக்கோல் கைதவறி போன்மேல் விழுந்து, மேலே ஒட்டியிருந்த கண்ணாடி விரிசல் விட்டது. தள்ளுவண்டிக்காரர் ஒருவரிடம் புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து, பேச ஆரம்பித்தாலே திரை கறுத்துவிடும். குரல் மட்டும் கேட்கும். பக்கத்துப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் வெளிச்சம் வராது. கேஸ் சிலிண்டர் பதிவுக்குக் கூப்பிட்டால், "எண் ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்று எங்கே இருக்கிறது என்று கறுப்புத் திரையைத் தடவிக்கொண்டிருப்பார் ஆனந்தவள்ளி. பேசாத நேரத்தில் அதே போனில் வீடியோகூடத் தெளிவாக ஓடும். அதுதான் அவருக்குப் புரியவே இல்லை.

கணவர் அழகிரி போனை அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "டவர்ல ஏதோ கோளாறு," என்றார்.

அப்போதுதான் மணப்பாறையிலிருந்து சம்பந்தி பொன்னுத்தாய் கூப்பிட்டார். மகள் மணிமேகலைக்கு அங்கே ஏழாம் மாதம், இரண்டாவது பிரசவம். நலம் விசாரித்து முடித்து, "சரி சம்பந்திம்மா, வெச்சிரட்டுங்களா?" என்றார் பொன்னுத்தாய். "சரிங்க," என்று சொல்லிவிட்டு ஆனந்தவள்ளி போனைப் பார்த்தார். கறுப்பு. கட் ஆகிவிட்டது என்று நினைத்து மேசைமேல் வைத்தார்.

பிறகு கணவரிடம் சொன்னார்: "அந்தம்மா நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா எனக்குத்தான் மனசு கேக்கலங்க. மணிக்கு ரெண்டாவதும் இங்கயே பொறக்கட்டுமேன்னு இருக்கு. கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களோன்னு வாய் வரல. அப்பறம், அவங்க குடுத்துவிட்ட முறுக்குல உப்பே இல்ல."

இரண்டு நாள் கழித்துப் பொன்னுத்தாயே கூப்பிட்டார். "சம்பந்திம்மா, வர்ற வெள்ளிக்கிழம மணிய அங்க கொண்டுவந்து விடுறோம். பிரசவம் முடியற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். முறுக்கு வேற சுட்டிருக்கேன், உப்பு பாத்துப் போட்டிருக்கேன்."

ஆனந்தவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க சொன்னீங்களா?" என்று கணவரிடம் கேட்டார். "நான் எதுக்குச் சொல்றேன்?" என்றார் அவர். மகளிடம் கேட்டார், அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்று ஒரு ப்ளவுஸுக்கு இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டார்.

மறுநாள் பக்கத்து போன் கடை ஜஹானாராவிடம் போனைக் கொடுத்தார். அவள் திரையின் மேல் ஓரத்தை நகத்தால் சுட்டிக் காட்டினாள்.

"போனக் காதுல வெச்சா, கன்னம் பட்டு எதுவும் அழுந்தக் கூடாதுன்னு ஸ்கிரீன் தானா அணைஞ்சுக்கும். அதக் கண்டுபிடிக்கிற சென்சார் இங்கதான் இருக்குக்கா. இந்தக் கண்ணாடியோட கறுப்பு ஓரம் அத மறைச்சிருக்கு. கையில வெச்சிருந்தாலும் காதுல இருக்கிறதாவே போன் நெனச்சுக்குது."

"அப்ப, ஸ்கிரீன் கறுத்துட்டா கால் கட் ஆகலயா?"

"அந்தப் பக்கம் கட் பண்ணாத வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

ஆனந்தவள்ளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஜஹானாரா கண்ணாடியை உரித்தெடுத்து, மேல் ஓரம் மறைக்காத வேறொன்றை ஒட்டித் தந்தாள். ஆனந்தவள்ளி வாசலுக்கு வந்து சம்பந்தியைக் கூப்பிட்டார். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரை பளிச்சென்று இருந்தது.

"அன்னிக்கு நான் பேசினது எல்லாம் கேட்டுச்சா?"

பொன்னுத்தாய் ஒத்துக்கொண்டார். "நீங்க வெப்பீங்கன்னு இருந்தேன். மணி பேரு காதுல விழுந்துச்சு, அப்பறம் வெக்க மனசு வரல. தப்புதான்."

"ஐயோ, நானும் முறுக்கப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

"உப்பு இல்லாததுக்கு இல்லன்னுதானே சொன்னீங்க!"

வெட்கப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஆனந்தவள்ளி வாசலிலேயே நின்றார். வெள்ளிக்கிழமை மதியம் மணிமேகலை பெட்டியோடு வந்து இறங்கினாள். கூடவே வந்த பொன்னுத்தாயும் அன்று இரவு ஸ்ரீரங்கத்திலேயே தங்கினார்.