பிரேக் இல்லாத சைக்கிளில் வந்த மருத்துவச்சி

யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். டயர், டியூப் எதுவும் கடையில் கிடைக்காது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைச் சைக்கிள் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டி ஓட்டுவேன். பிரேக் தேய்ந்தே போயிருந்தது. நிறுத்த வேண்டுமானால் காலைத் தரையில் தேய்ப்பதுதான். மணியும் கிடையாது. அப்படியும் என் வேகம் குறையாது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று என் மனைவி சொல்லாத நாளில்லை.

ஒரு நாள் காலை அவளுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். பக்கத்து வீட்டு அக்காளைத் துணைக்கு வைத்துவிட்டு, கம்போங் செட்டியில் இருந்த மருத்துவச்சியைத் தேடிச் சைக்கிளை மிதித்தேன். அவர் கிளேபாங் போயிருந்தார். விடுவேனா? அங்கேயே போய்ப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய செட்டி அம்மாள். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சம்தான், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும்.

திரும்பும் வழியெல்லாம் ராணுவ லோரிகள். நடுச்சாலையை அவை பிடித்துக்கொள்ள, மாட்டுவண்டி, தள்ளுவண்டி, நடக்கிற சனம் எல்லாம் ஓரத்தில் நெருக்கியடித்தது. பாலத்து இறக்கத்தில் சைக்கிள் என் பேச்சைக் கேட்கவில்லை. காலைத் தேய்த்தேன், செருப்புதான் கழன்று போனது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள்!

"தெப்பி! தெப்பி! ஓராங் மாவு பெரானாக்!"

ஒதுங்குங்கள், ஒருத்தி பிள்ளை பெறப் போகிறாள் என்று அம்மாள் கத்திய கத்தலில் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஜப்பான் காவல்காரன்! அவன் முன்னால் இறங்கிக் குனிந்து வணங்காமல் போனால் அறை விழும். பிடித்து நிறுத்திவிட்டால் என் மனைவியின் கதி? ஓட்டிக்கொண்டே வணங்கிவிடலாம் என்று தலை குனிந்தேன். குனிந்தவனுக்குச் சாலை எப்படித் தெரியும்? நேரே ஒரு மாட்டுவண்டியை நோக்கிப் போனேன்.

அதற்குள் நடந்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து பிடித்துவிட்டார்கள். ஒரு மலாய்க்காரர் கைப்பிடியை, ஒரு சீனர் பின்பக்கத்தை, மரவள்ளிக்கிழங்கு விற்ற நம்மவர் ஒருவர் என் சட்டைக் காலரை.

"என்னாய்யா, பிரேக் இல்லாத சைக்கிள்லயா மருத்துவச்சிய ஏத்திக்கிட்டு வர்றே?" என்று அவர் திட்டியது இப்போதும் காதில் கேட்கிறது. திட்டிக்கொண்டே அவரும் குனிந்தார். எல்லோருமே வரிசையாகக் குனிந்தோம். அம்மாள் மட்டும் நிமிர்ந்து, பெரிய வயிற்றைக் கையால் வரைந்து காட்டி, குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டினார். காவல்காரன் முறைத்தான். பிறகு உதட்டோரம் சிரித்துப் போகச் சொல்லிக் கை காட்டினான்.

மூவரும் விட்டார்களா? எங்கள் கூடவே ஓடிவந்தார்கள். வேகம் மிஞ்சினால் பின்னாலிருந்து இழுத்து நிறுத்தி, மேட்டில் தள்ளிவிட்டு, வீட்டு வாசல்வரை கொண்டு சேர்த்தார்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. பெண்! வாசலில் நின்ற மூவரும் தங்கள் வீட்டுக் குழந்தை போலச் சிரித்தார்கள். நான் சந்தோஷத்தில் அழுதேன்.

இன்று எனக்குக் கார் இருக்கிறது. சாலையை மெதுவாகக் கடப்பவரைப் பார்த்து ஆரன் அடிக்க மட்டும் கை வருவதில்லை. என் மகளுக்கு வழிவிட்டு ஒதுங்கியவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம்.