மெஷின் சரியாகத்தான் இருந்தது

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் கம்பெனியில் அவனுக்குப் பெயர் கிரேன். வயது இருபத்தேழு. ஃபிரிட்ஜைத் தனியாளாக நாலாவது மாடிக்கு ஏற்றிவிட்டு விசிலடிப்பான். காய்ச்சல் என்று படுத்ததே கிடையாது. பிரஷர் மாத்திரை போடும் லாரி டிரைவரை, "அண்ணே, உங்களுக்கு வாரண்டி முடிஞ்சிடுச்சு" என்று தினமும் வம்பிழுப்பான்.

ஒருநாள் ஒரு சின்ன கிளினிக்கை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். சாமான்களை இறக்கி முடித்து எல்லோரும் ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது, நர்ஸ் பிரஷர் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

"இது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கணும். தம்பி, கையை நீட்டுங்க."

நூற்றெண்பத்தாறு காட்டியது.

"போச்சு! மெஷினைப் போட்டு உடைச்சிட்டீங்க."

கிரேனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாங்க ஒரு டம்ளரைக்கூட உடைச்சதில்ல அக்கா!" என்று டிரைவரின் கையை இழுத்து மாட்டிவிட்டான். நூற்று முப்பது. நர்ஸ் தனக்கும் பார்த்துக்கொண்டார். நூற்றுப் பதினெட்டு.

"பாத்தீங்களா, மெஷின் சொக்கத்தங்கம்!" என்று கிரேன் துள்ளினான். மற்ற இருவரும் துள்ளவில்லை. அவனையே பார்த்தார்கள்.

டாக்டர் அம்மா இரண்டு கையிலும் பார்த்தார். அடுத்த மூன்று நாளும் வரச்சொல்லிப் பார்த்தார். இறங்குவதாக இல்லை.

"தலைவலி, மயக்கம் ஏதாவது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். கல்லு மாதிரி இருக்கேன்."

"இது பெரும்பாலும் சொல்லிட்டு வராது. கடைசியா எப்ப செக்கப் பண்ணீங்க?"

"ஸ்கூல்ல பல்லு பாத்தாங்க."

சிறுநீரைச் சோதித்ததில் சிறுநீரகம் லேசாக அடிவாங்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. ரிப்போர்ட்டை மனைவியிடம் நீட்டினான். அவள் அதைப் படித்துவிட்டு, வீட்டிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டுகளையெல்லாம் அள்ளி மேல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அவங்களுக்கு மட்டும் பிரஷர் வராதா?"

"அவங்க வருஷா வருஷம் செக்கப் போறாங்க. நீங்க?"

அன்று ராத்திரியே டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் முதலாவதைப் போட்டுக்கொண்டான்.

ஐந்து மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டதில் பிரஷர் கட்டுக்குள் வந்தது. சிறுநீரகம் மேற்கொண்டு கெடவில்லை. இன்னும் சில வருடம் தெரியாமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் விளக்கியபோது, கேட்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப்பிறகு அவன் தொல்லை தாங்கவில்லை. "ஒரு ஊசிக்குப் பயந்து சாவறீங்களேடா" என்று திட்டித் திட்டியே கூட வேலைபார்க்கும் ஏழு பேரைச் செக்கப்புக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. தினமும் ஜிம்முக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நிற்கும் ஒருவனுக்குச் சர்க்கரை. அவன் கடுப்பில் ஒரு வாரம் கிரேனோடு பேசவே இல்லை. எட்டாம் நாள் பக்கத்தில் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டான்:

"மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?"

"என்னை ஏன்டா கேக்கற? போய் டாக்டரைக் கேளு. வா, நானும் வரேன்."